முதல் ஒயிட்வாட்டர் கயாக்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் ஆற்றில், அதாவது ஒயிட்வாட்டரில், ஓட்ட எந்த கயாக் படகு வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். உங்கள் எடை என்ன? கால் எவ்வளவு நீளம்? வரும் கோடையில் எந்த ஆற்றில் இறங்கப் போகிறீர்கள்? கம்பெனி பெயரும் மாடல் பெயரும் அதற்கு அப்புறம்தான். கேட்டவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும், ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்று வந்திருப்பார். ஆனால் ஒயிட்வாட்டர் பழக ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்கள் சிலரை எனக்கு நன்றாகத் தெரியும். ஆற்றைப் பார்த்துப் பயந்து விட்டவர்கள் அவர்களில் குறைவு. உடம்போடு ஒட்டாத படகில் உட்கார்ந்து, ஏன் கவிழ்கிறோம் என்றே புரியாமல், திரும்பத் திரும்பக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்து சலித்துப்போனவர்கள்தான் அதிகம். நல்ல ஆசிரியர் கிடைத்தும், நல்ல ஆறு பக்கத்தில் இருந்தும், படகு சரியில்லாததால் அவர்கள் போய்விட்டார்கள். எனக்கு அது வருத்தம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடை தொடங்கும்போது பெரிய கடைகளின் வாசலில் அடுக்கி வைத்திருக்கும் மலிவு விலை பிளாஸ்டிக் கயாக்குகள் ஏரிக்கானவை. அவற்றின் வாய், அதாவது உட்காரும் திறப்பு, அகலம், உள்ளே தொடையைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. ஒரு நடுத்தர அலை மேலே ஏறினாலே உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும். 250 லிட்டர் தண்ணீர் ஏறினால் 250 கிலோ. அந்தக் கனம் ஓடும் ஆற்றில் பாறையை நோக்கிப் போகும்போது அதை யாராலும் தடுக்க முடியாது, நடுவில் ஆள் இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஒயிட்வாட்டர் கயாக் வேறு மாதிரியானது. இரண்டரை மீட்டரை ஒட்டிய நீளம், தடித்த பாலிஎதிலீன் உடம்பு, ஸ்ப்ரே ஸ்கர்ட்டை (தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றி வாயை மூடும் விரிப்பு) இறுக்கமாக மாட்ட எழும்பிய விளிம்புள்ள சின்ன வாய், மேல்நோக்கி வளைந்த மூக்கும் வாலும். மேல்தளம் அமுங்கிக் கால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே நடுவில் ஒரு நுரைத் தூண். இந்தத் தூண் இல்லாத படகை, இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

சரி, ஆறு. நான் இருப்பது டொராண்டோவுக்குப் பக்கம். இங்கே பழகுகிறவர்கள் சுற்றிச் சுற்றி நாலு ஆறுகளுக்குத்தான் போகிறோம், நாலும் நாலு குணம். எலோராவில் கிராண்ட் ஆறு சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்குக்குள் ஓடுகிறது. வசந்தத்தில் பனி உருகும்போது வேகம் இருக்கும், கோடை நடுவில் வற்றி அடிப்பாறை படகை உரசும். மடவாஸ்கா ஆறு பழகுவதற்கென்றே அமைந்தது மாதிரி. பால்மர் ரேபிட்ஸில் ஒரு வாரக்கடைசி நின்றால் பாதிப் பேர் முதல் முறை துடுப்புப் பிடிப்பவர்களாக இருப்பார்கள். 1972-இல் தொடங்கிய மடவாஸ்கா கனூ சென்டர் இந்த ஆற்றங்கரையில்தான் இன்னும் கற்றுக்கொடுக்கிறது. மிண்டனில் உள்ள கல் (Gull) ஆறு நேர் எதிர். குறுகல், பாறை நெருக்கம், யோசிக்க இடைவெளி தராத ஓட்டம். 2015 பான் அமெரிக்கப் போட்டியின் கனூ ஸ்லாலம் (தொங்கும் கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓட்டும் பந்தயம்) அங்கே நடந்தது என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். நாலாவது ஒட்டாவா ஆறு. பீச்பர்க் ஊருக்குப் பக்கத்தில் பெருவெள்ளமாகப் பல கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. அலைகள் பெரியவை, ஆனால் ஆழம் உண்டு, கோடையில் தண்ணீர் இதமாக இருக்கும், ஒவ்வொரு பாய்ச்சலுக்குக் கீழும் குளம் போல அமைதியான நீர் விரிந்து கிடக்கும். விழுந்தால் எழுந்து மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

மடவாஸ்காவும் ஒட்டாவாவும்தான் உங்கள் முதல் கோடை என்றால் ஒரு படகு, கல் ஆறுதான் பக்கத்தில் என்றால் இன்னொரு படகு. ஒட்டாவாவில் விளையாடும் இளைஞர்கள் கையில் அலைமேல் வித்தை காட்டுவதற்கான குட்டையான பிளேபோட் இருப்பதைப் பார்த்து அதையே வாங்கிவிடத் தோன்றும். காபரேட்டர் என்ற அலையில் 2015-இல் ஃப்ரீஸ்டைல் (அலையில் படகு வித்தை) உலகச் சாம்பியன்ஷிப் நடந்த ஆறு அது. அங்கே அந்தப் படகுக்கு அர்த்தம் இருக்கிறது, அதை ஓட்டுகிறவருக்குத் தலைகீழாக இருப்பதே பழக்கம். புதியவருக்கு அது இல்லை.

படகு வகைகளை விவரிக்கும் முன் ஒரு இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடலாம், ஏனென்றால் புதியவர் கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான். ஆற்றில் ஒரு பெரிய பாறை இருந்தால் அதன் பின்னால் தண்ணீர் அமைதியாகி, ஓட்டத்துக்கு எதிராக, மெதுவாக ஆற்றின் மேல்நோக்கித் திரும்பி வரும். கயாக்காரர்கள் அதை எடி என்பார்கள். கீழே பாயும் நீரும் மேலே திரும்பும் நீரும் உரசிக்கொள்ளும் இடத்தில் ஒரு கோடு தெரியும். சின்னச் சின்னச் சுழிகள், நுரை, சில சமயம் கையகல உயர வித்தியாசம். எடியில் ஓய்வாக இருக்கும் நீங்கள் அந்தக் கோட்டைக் கடந்து ஓட்டத்துக்குள் மூக்கை நுழைக்கிறீர்கள். அந்தக் கணத்தில் ஓட்டம் படகின் மேல்பக்க விளிம்பை, அதாவது தண்ணீர் வரும் பக்கத்து விளிம்பை, பிடித்துக் கீழே இழுக்கப் பார்க்கும். இடுப்பாலும் முழங்காலாலும் அந்த விளிம்பைத் தூக்கிப் பிடித்தால் படகு அழகாக வளைந்து கீழே திரும்பும். மறந்தால் அடுத்த நொடி தலை தண்ணீருக்குள்.

இந்த ஒரு கோட்டில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே நான் படகை எடைபோடுகிறேன். கத்தி போல விளிம்புள்ள, தட்டையான அடிப்பாகம் கொண்ட பிளேபோட் மன்னிக்காது, மறந்த அதே கணத்தில் கவிழ்த்துவிடும். 300 லிட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ கொள்ளளவுள்ள, உருண்ட கிரீக் போட் எதிர்முனை. செங்குத்தான மலை ஓடைகளில் அருவியிலிருந்து குதித்து மேலே வருவதற்காகச் செய்தது. கோட்டை எப்படிக் கடந்தாலும் மிதந்துகொண்டே போய்விடும். புதியவருக்கு அது சொர்க்கமாகத் தெரியும், பலர் அதையே சிபாரிசும் செய்கிறார்கள். நான் தயங்குவேன். எல்லாவற்றையும் படகே பார்த்துக்கொண்டால் விளிம்பைத் தூக்க உடம்பு பழகாது. ஒரு வருஷம் கழித்துக் கொஞ்சம் கடினமான ஆற்றுக்குப் போகும்போது அந்தக் குறை மொத்தமாக வெளியே வரும். ஆனால் உங்கள் ஆறு கல் ஆறு மாதிரி பாறை நெருக்கமானது என்றால் இந்தத் தயக்கத்தை நானே விட்டுவிடுவேன். அங்கே மிதப்பும் உருண்ட வயிறும் பாதுகாப்பு.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ரிவர் ரன்னர். 70 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 240 முதல் 290 லிட்டர் கொள்ளளவு, 240 முதல் 275 சென்டிமீட்டர் நீளம். மூக்கு நன்றாக வளைந்து அலைமேல் ஏறும், அடிப்பாகம் ஓரளவு தட்டை, விளிம்பு உண்டு ஆனால் கூர்மை குறைவு. எடிக் கோட்டில் மறந்தால் படகு ஒரு பக்கம் சாயும், தடுமாறும், நீங்கள் சுதாரிக்க அரை நொடி கொடுக்கும். அந்த அரை நொடியில்தான் கற்றல் நடக்கிறது. டாகர் மாம்பா, லிக்விட்லாஜிக் ரீமிக்ஸ், பிரான்யா பர்ன், ஜாக்சன் ஜென் எல்லாம் இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை. இவற்றுக்குள் எது சிறந்தது என்று கரையில் உட்கார்ந்து விவாதிக்கலாம், ஆனால் புதியவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. தனக்கு ஏற்ற சைஸா என்பது முதல் நாளே தெரியும்.

இப்போது எங்கே பார்த்தாலும் ஹாஃப் ஸ்லைஸ் படகுகள். முன்பாதி பருமன், வால் மெலிந்து தட்டையாக இருக்கும். பிரான்யா ரிப்பர், டாகர் ரீவைண்ட் மாதிரி. வாலைத் தண்ணீருக்குள் அழுத்தி மூக்கை வானத்துக்குத் தூக்கும் விளையாட்டு பார்க்கப் பிரமாதம். முதல் படகாக இதை வாங்கச் சொல்லும் அனுபவசாலிகளும் இருக்கிறார்கள், சீக்கிரம் கற்றுக்கொள்ளலாம் என்பது அவர்கள் வாதம். நீச்சலும் உருளலும் (கவிழ்ந்தால் படகோடு உருண்டு எழுவது) ஏற்கெனவே கைவந்தவருக்கு ஒத்துக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு வேண்டாம். எடிக் கோட்டில் அந்த வால்தான் முதலில் மாட்டும்.

இனி உடம்பு. இதைத்தான் எல்லோரும் குறைத்து மதிக்கிறார்கள். ஒரே மாடல் சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை வரம்பு அச்சிட்டிருப்பார்கள். உங்கள் எடை அந்த வரம்பின் நடுவில் விழ வேண்டும். கீழ் ஓரத்தில் விழுந்தால் படகு உங்கள் பேச்சைக் கேட்காது, மேல் ஓரத்தில் விழுந்தால் தண்ணீரில் அமிழ்ந்து மந்தமாக இருக்கும். ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், ஈர உடை, குடிதண்ணீர், சாப்பாடு எல்லாம் சேர்ந்து சில கிலோ கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நம் பெண்களில் பலர் 50, 55 கிலோதான். வாடகைக்கு விடும் இடங்களில் கையில் கிடைத்த நடுத்தரப் படகைக் கொடுத்துவிடுவார்கள். அதில் விளிம்பைத் தூக்க அவர்களால் முடியாது, தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்வார்கள். சின்ன சைஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஜாக்சன் கம்பெனி சிறுவர்களுக்கும் எடை குறைந்தவர்களுக்கும் தனியாகவே படகுகள் செய்திருக்கிறது.

கடையில் தரைவிரிப்பின் மேல் வைத்து உட்கார்ந்து பாருங்கள். அவசரப்படாதீர்கள். ஆற்றில் போடப்போகும் செருப்பையோ ஷூவையோ மாட்டிக்கொண்டு உட்காருங்கள், வெறுங்காலோடு பொருந்திய படகு ஷூவோடு பொருந்தாமல் போகலாம். பாதத்தின் முன்பகுதி உள்ளே இருக்கும் கால்தட்டில் பதிய வேண்டும். குதிகால்கள் நெருங்கி, முழங்கால்கள் வெளியே விரிந்து, தொடையின் மேல்பக்கம் தொடைப்பிடியின் அடியில் ஒட்டி இருக்க வேண்டும். சம்மணம் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த விரிப்பு சீக்கிரம் பழகிவிடும் என்பது என் அனுபவம். இடுப்பின் இரு பக்கமும் நுரைப்பட்டை லேசாகத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. முதுகுப்பட்டையை இடுப்பெலும்புக்குச் சற்று மேலே இழுத்து இறுக்குங்கள். இப்போது ஒரு முழங்காலை மட்டும் மேலே தூக்குங்கள். படகு உங்களோடு சேர்ந்து சாய்ந்தால் சரி. நீங்கள் மட்டும் உள்ளே நகர்ந்து, படகு அப்படியே இருந்தால் இன்னும் நுரை ஒட்ட வேண்டும் அல்லது சைஸ் தப்பு. அப்படியே கால் மணி நேரம், முடிந்தால் அதற்கு மேலும் உட்காருங்கள். கால் மரத்துப்போகிறதா பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார், நல்ல கடைக்காரர் அவரே உட்காரச் சொல்வார். கடைசியாக, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி இடுப்பை வெளியே தள்ளுங்கள். தடங்கல் இல்லாமல் கால் வழுக்கி வர வேண்டும். தலைகீழாக இருக்கும்போது இதைத்தான் செய்யப் போகிறீர்கள், அதில் சமரசமே கிடையாது.

விலைக்கு வருவோம். கனடாவில் புதுப் படகு 2000 டாலரை ஒட்டிப் போகும். முதல் படகுக்கு நான் புதிதைச் சொல்வதில்லை. பாதி விலைக்கோ அதற்கும் கீழோ நல்ல பழைய படகு கிடைக்கும், மிச்சப் பணத்தில் இரண்டு நாள் வகுப்பும் நல்ல லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் வாங்கலாம். வசந்தத்தில் இறங்குவதாக இருந்தால் தண்ணீர் உள்ளே புகாத டிரை சூட் உடைக்கே படகளவு பணம் வேண்டியிருக்கும். இந்த ஊர் ஆறுகளில் ஏப்ரல் தண்ணீர் பனியின் தங்கச்சி, உடை இல்லாமல் இறங்குவது தற்கொலைக்குச் சமம்.

வாட்டர்லூவில் படிக்கும் என் சித்தி மகன் போன வருஷம் விளம்பரங்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தான். முதலில் வந்தது 150 டாலருக்கு நாலு மீட்டர் நீளப் படகு. "அண்ணா, இவ்வளவு மலிவா இருக்கே, எடுத்துக்கட்டுமா?" என்றான். 1980-களின் படகுகள் அப்படித்தான் நீளமாக இருந்தன, ஸ்லாலம் பந்தயத்தில் ஒற்றையர் கயாக் நாலு மீட்டராவது இருக்க வேண்டும் என்ற விதியே 2005-இல்தான் மூன்றரை மீட்டராகக் குறைந்தது. நேராகப் போக அருமை. பாறைகளுக்கு நடுவில் திருப்ப நல்ல பழக்கம் வேண்டும், முப்பது நாற்பது வருஷம் வெயில் பட்ட பிளாஸ்டிக் நொறுங்கவும் செய்யும். அடுத்து வந்தது 1990-களின் கடைசியைச் சேர்ந்த தட்டை அடி, கூர் விளிம்புப் படகு. அந்தக் காலத்தில் பிளேபோட் மோகத்தில் எல்லாப் படகும் குட்டையாகி, விளிம்பு கூர்மையாகிவிட்டது. அதையும் வேண்டாம் என்றேன். மூன்றாவதாக நடுத்தர சைஸ் ரிவர் ரன்னர் ஒன்று, 700 டாலர். போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினோம்.

விற்பவரின் கராஜில் நாங்கள் பார்த்ததை அப்படியே சொல்கிறேன், நீங்களும் இதே வரிசையில் பார்க்கலாம். முதலில் வாலின் வலது பக்கத்தில் பிளாஸ்டிக்கில் பொறித்திருக்கும் 12 எழுத்து எண். அதன் கடைசி இரண்டு இலக்கம் மாடல் வருஷத்தைச் சொல்லும், விற்பவர் சொன்னதும் அதுவும் ஒத்துப்போனது. அப்புறம் படகைக் கவிழ்த்து வைத்தோம். கீறல்கள் ஏராளம். கீறலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, ஆற்றில் ஓடிய படகென்றால் கீறல் இருக்கும். இருக்கைக்கு நேர் கீழேயும் வாலடியிலும்தான் தேய்மானம் அதிகம். அங்கே கட்டைவிரலால் அழுத்தி, பக்கத்தில் இன்னொரு இடத்தில் அழுத்தி, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கராஜ் கதவை மூடச் சொல்லி, கைபேசி விளக்கை உள்ளே பிடித்தேன். வெளிர் மஞ்சள் படகு என்பதால் நன்றாகத் தெரிந்தது. தடிமன் இருக்கும் இடம் மங்கலாகவும், தேய்ந்த இடம் பளிச்சென்றும் ஒளிரும். இருக்கைக்கு அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெளிச்சத் திட்டு இருந்தது, ஆனால் விரலுக்கு அது இளகவில்லை. கறுப்பு அல்லது அடர் நிறப் படகில் இந்த வித்தை பலிக்காது.

விரிசல் எங்கே வரும் என்றால், இருக்கையைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றி, கைப்பிடிகளின் அடியில், தண்ணீர் வடிக்கும் மூடியின் ஓரத்தில். மயிரிழை போல இருக்கும், நகத்தை ஓட்டினால் தட்டும். ஒன்று கண்டாலும் நான் வாங்க மாட்டேன். உருக்கி ஒட்டலாம் என்பார்கள், சாதாரண பாலிஎதிலீனை ஒட்டவும் முடியும், ஆனால் புதியவர் அந்த ஒட்டை நம்பி ஆற்றில் இறங்க வேண்டாம். அமுங்கிய பள்ளம் வேறு விஷயம். காரில் கட்டிய வார் இறுகியோ வெயிலில் கிடந்தோ வந்தது, வெந்நீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். வாய் விளிம்பு நெளியாமல் இருக்கிறதா என்று விரலை முழுச் சுற்றும் ஓட்டிப் பாருங்கள், நெளிந்த இடத்தில் ஸ்கர்ட் ஒழுகும். நுரைத் தூணை ஆட்டிப் பாருங்கள். கால்தட்டுத் திருகுகளை ஒரு சுற்றாவது திருப்பிப் பாருங்கள், துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டிருந்தால் உங்கள் கால் நீளத்துக்கு மாற்ற முடியாது. எல்லாம் முடிந்தபின் அவரிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு உள்ளே ஊற்றி, படகை அப்படியும் இப்படியும் சாய்த்தோம். வெளியே ஒரு சொட்டு வரவில்லை. 600 டாலருக்குப் பேசி முடித்தோம். மூக்கிலும் வாலிலும் திணிக்கும் காற்றுப் பைகளையும் அவரே சேர்த்துக் கொடுத்தார். வாங்கும் படகில் அவை இல்லாவிட்டால் முதல் வேலையாக வாங்குங்கள், கவிழ்ந்த படகுக்குள் தண்ணீர் ஏறும் இடத்தை அவைதான் அடைத்துக்கொள்ளும்.

நிறம் உங்கள் இஷ்டம். ஆற்று நீரில் தனியாகத் தெரியும் நிறமாக இருந்தால் தேடுபவர்களுக்கு வசதி. எடையைத் தூக்கிப் பாருங்கள். 18 முதல் 23 கிலோ வரை இருக்கும், அதைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்க வேண்டும்.

கோவை, சென்னைப் பக்கமிருந்து கேட்பவர்களுக்கு வேறு பதில். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது கோழிக்கோடு மாவட்டத்தின் கோடஞ்சேரி. மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கும் சாலிப்புழாவும் இருவழிஞ்சிப்புழாவும் மழைக்காலத்தில் பாறைகளுக்கு நடுவே சரிந்து இறங்கும் ஓடைகள். போய்ப் பாருங்கள், கண் விரியும், ஆனால் முதல் பாடத்தை அங்கே தொடங்காதீர்கள். மழைக்காலம் முடிந்தபின் ரிஷிகேஷ் கங்கை நல்ல பள்ளிக்கூடம். ஒட்டாவா போலவே பெருநீர், பாய்ச்சலுக்குக் கீழே அமைதியான குளம். படகை அங்குள்ள பயிற்சிப் பள்ளியிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவம் பழகி, எந்த அளவு உங்களுக்குப் பொருந்துகிறது என்று தெரிந்தபின் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இங்கேயும் அதே யோசனையைச் சொல்வேன். வசந்தத்தில் கயாக் கிளப்புகள் நீச்சல்குளத்தில் பயிற்சி வைக்கும், கடைகள் ஆற்றங்கரையில் படகுகளை ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும். வாங்கும் முன் இரண்டு மூன்று படகுகளிலாவது உட்கார்ந்து, வேண்டுமென்றே கவிழ்ந்து, ஸ்கர்ட்டை இழுத்து வெளியே வந்து பாருங்கள். கடையில் பிடித்த படகு தண்ணீரில் பிடிக்காமல் போவது சகஜம்.

வாங்கி வந்தபின் நுரையும் பசையும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். இடுப்புப் பட்டைகளை மெல்லிய துண்டாக ஒட்டி, உட்கார்ந்து பார்த்து, இன்னொரு துண்டு ஒட்டி, மறுபடி பாருங்கள். என் தம்பி இதை மூன்று தரம் பிரித்து ஒட்டினான். படகை வெயில் படாத இடத்தில் பக்கவாட்டில் சாய்த்தோ செங்குத்தாக நிறுத்தியோ வையுங்கள். மல்லாக்கப் போட்டால் நாளாக ஆக அடிப்பாகம் நெளியும். முதல் கோடை முடிவதற்குள் அடுத்த படகைத் தேட ஆரம்பிக்காதீர்கள். இந்தப் படகில் எடிக் கோட்டை இரண்டு பக்கமும் யோசிக்காமல் கடக்கவும், கவிழ்ந்தால் உருண்டு எழவும் வந்துவிட்டதென்றால், அந்த ஹாஃப் ஸ்லைஸை அப்போது பார்க்கலாம்.